பழைய பப்புகளையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

லண்டன் பயணக் கட்டுரைகளில் பழைய பப்புகளை, அதாவது அங்குள்ள மதுவிடுதிகளை, விட்டுவிடுகிறார்கள். மகளைப் பார்க்கப் போனபோது சதர்க்கில் உள்ள ஜார்ஜ் இன்னில் சாப்பிட்டேன். 1676 தீ விபத்துக்குப் பிறகு கட்டிய குதிரைவண்டிப் பயணிகள் விடுதி. மாடித் தாழ்வாரங்களோடு லண்டனில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். இன்று பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் சொத்து.

ஏல் என்ற பாரம்பரிய பீரை நிலவறைப் பீப்பாயிலிருந்து கைப்பம்பால் இழுத்து ஊற்றுகிறார்கள். பீப்பாய்க்குள்ளும் அது நொதித்துக்கொண்டே இருக்கும். குளிர்ச்சி சுமார் 12 டிகிரி செல்சியஸ்தான். ஐஸ் பீர் பழகியவர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் மால்ட் எனும் முளைகட்டிய தானியத்தின் இனிப்பும் ஹாப்ஸ் பூவின் கசப்பும் அப்போதுதான் நாக்கில் நிற்கின்றன. இந்த ஏல் அழியக் கூடாதென்று 1971இல் குடிப்பவர்களே காம்ரா (CAMRA) என்ற பிரசார இயக்கம் தொடங்கினார்கள், எவ்வளவு நல்ல காரியம்!

அப்புறம், குடிக்காதவர்களும் தாராளமாகப் போகலாம். ஞாயிறு மதியம் ரோஸ்ட், அதாவது வாட்டிய இறைச்சியும் காய்கறியும் கொண்ட சாப்பாடு, கிடைக்கும். பல இடங்களில் கவுன்டரில்தான் ஆர்டர் சொல்ல வேண்டும்.

ஒரு வாசகர், திருச்சி