ஆயில் சேம்பரைக் கழற்ற எஞ்சினை இறக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பராமரிப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால், இந்த வண்டிகளில் எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டியான ஆயில் சேம்பரைக் கழற்ற எஞ்சினையே வெளியே எடுத்தாக வேண்டும் என்று எல்லா வண்டிக்கும் சேர்த்து ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். அதை நம்பி யாராவது எஞ்சினைத் தூக்கும் செயின் பிளாக் வாடகைக்கு எடுத்துவிடப் போகிறார்களே என்றுதான் இதை எழுதுகிறேன்.

வண்டிக்கு வண்டி வேலை மாறும். போர்ஷ் 944-ல் முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் கிராஸ் மெம்பர் என்ற குறுக்குச் சட்டம் சேம்பருக்குக் குறுக்கே நிற்கும். எஞ்சினை மேலிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டு கிராஸ் மெம்பரை இறக்க வேண்டும். பெரிய வேலைதான், ஆனால் அதில்கூட எஞ்சின் வெளியே வர வேண்டியதில்லை. நீங்கள் பெரிதாகப் படம் போட்டிருந்ததோ ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர். அதில் எஞ்சின் பாட்டுக்கு இருந்த இடத்தில் இருக்கும், சேம்பர் மட்டும் கீழே வந்துவிடும்.

இதை எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், நான் தொழில் கற்றது ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டிகளில். 1961-லிருந்து சென்னையில் தயாரான அதே ஹெரால்டுதான். ஸ்பிட்ஃபயர் அதன் தங்கை. ஹெரால்டின் சேஸியைக் குறுக்கித்தான் 1962-ல் அதைக் கொண்டுவந்தார்கள். இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி. எஞ்சினும் ஒரே வம்சம்: நம் ஹெரால்டில் 948 சிசி, கடைசியாக வந்த ஸ்பிட்ஃபயரில் 1493 சிசி. இப்போது நான் மகள் வீட்டுக்கு பர்மிங்காம் வந்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு ஸ்பிட்ஃபயர் 1500 நிற்கிறது. "மாமா, எஞ்சினை இறக்கினால்தான் ஆகும்னு இவர்கிட்ட யாரோ சொல்லியிருக்காங்க. நீங்க கொஞ்சம் பாருங்களேன்" என்றார் மாப்பிள்ளை. பார்த்தேன். வீட்டு வாசலிலேயே, எஞ்சினை அசைக்காமல் சேம்பரை இறக்கினோம்.

வண்டியின் பானெட் மட்கார்டுகளோடு சேர்ந்து மொத்தமாக முன்பக்கம் சாயும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே பாதி வேலையைப் பார்க்கலாம். இன்றைய கார்களில் அந்தச் சுகம் எங்கே! மீதிப் பாதி வண்டிக்கு அடியில். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்கக் கூடாது. சேஸிக்கு நல்ல ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். சிமென்ட் கல்லை அடுக்கி அதன் மேல் வண்டியை நிறுத்துகிறவர்களை நம் ஊரில் பார்த்திருக்கிறேன். அந்தக் கல் வெடிக்கும்போது முன்கூட்டிச் சொல்லிவிட்டு வெடிக்காது.

எஞ்சின் இளஞ்சூடாக இருக்கும்போது ஆயிலை வடித்துவிட்டு, சுற்றிலும் உள்ள போல்ட்டுகளைக் கழற்றினால் சேம்பர் பேக்கிங்கோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். ஸ்க்ரூ டிரைவரை நடுவில் சொருகி நெம்பினால் விளிம்பு வளையும், அப்புறம் வாழ்நாள் முழுக்க ஒழுகும். ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டினாலே விட்டுக்கொடுக்கும். இறங்கும்போது எங்காவது இடித்தால் எஞ்சினுக்குள் சுழலும் தண்டான கிராங்கைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்க வேண்டும்.

உங்கள் கட்டுரை அடியோடு விட்டுவிட்ட விஷயம் ஒன்று உண்டு. இந்த எஞ்சினின் முன்பக்கம் சேம்பர் போல்ட்டுகள் சில இரும்பில் இறங்குவதில்லை. அங்கே ஆயில் ஒழுகாமல் அடைக்கும் ஓர் அலுமினிய சீலிங் பிளாக் இருக்கிறது, அதில்தான் இறங்குகின்றன. மற்ற போல்ட்டுகளுக்குக் கொடுக்கும் பலத்தை அங்கேயும் கொடுத்தால் மரை போய்விடும். ஏர் கன் வைத்து முடுக்குகிறவர்களிடம் இந்த வண்டியைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். மரை போன பிளாக்குக்குப் பதிலாக இப்போது இரும்பு பிளாக் கிடைக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் அதைத்தான் வாங்கிப் போட்டார். பிளாக்கின் இரண்டு ஓரத்திலும் சின்ன மரத் துண்டுகளைச் செருகி, நீட்டிக்கொண்டிருப்பதை விளிம்போடு சீவிவிட வேண்டும். எஞ்சினுக்குள் மரமா என்று இளம் மெக்கானிக்குகள் சிரிப்பார்கள். கம்பெனியே அப்படித்தான் செய்தது.

சேம்பரைக் கழற்றிய பிறகு அதைக் கழுவும் அவசரம் வேண்டாம். அடியில் தங்கிய கசடை முதலில் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். செம்பு நிறத்தில் மினுக்கினால் பேரிங் தேய்கிறது என்று பொருள். கிராங்கின் பின்பக்க மெயின் பேரிங்கின் இரு பக்கமும் உடைந்த வளையல் துண்டு மாதிரி இரண்டு த்ரஸ்ட் வாஷர்கள் உண்டு. கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுப்பவை அவைதான். கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் முன்னோக்கித் தள்ளப்படும், அந்தச் சுமை பின்பக்க வாஷர் மேல் விழும். தேய்ந்து தேய்ந்து ஒருநாள் அது நழுவிச் சேம்பருக்குள் விழுந்துவிடும். அதற்கு மேலும் ஓட்டினால் கிராங்க் எஞ்சின் பிளாக்கையே அரைக்க ஆரம்பிக்கும். அந்த பிளாக் போனால் எஞ்சினே போன மாதிரிதான்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு ஒருவர் கிளட்சை மிதிக்க, இன்னொருவர் முன்பக்க கிராங்க் புல்லியைப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும்படி அது முன்னும் பின்னும் போனால் வண்டியை எடுக்காமல் அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது. சேம்பர் கீழே இருக்கும்போது பின்பக்க மெயின் பேரிங் கேப்பை மட்டும் கழற்றி, பழைய வாஷரைச் சுற்றித் தள்ளி வெளியே எடுத்துப் புதியதைச் செருகிவிடலாம். வாஷரில் காடி உள்ள பக்கம் கிராங்கைப் பார்த்தபடி இருக்க வேண்டும். தேய்மானத்துக்கு ஏற்றபடி தடிமன் கூடிய வாஷரும் கிடைக்கிறது. எஞ்சினை இறக்கச் சொல்லும் கட்டுரையைப் படித்தவர் செலவுக்குப் பயந்து இந்த வேலையைத் தள்ளிப் போடுவார். என் வருத்தமெல்லாம் அதுதான்.

திரும்ப மாட்டுவதில் பெரிய வித்தை இல்லை. போல்ட் துளைகளைச் சுற்றி விளிம்பு குழிந்திருந்தால் மரக்கட்டை மேல் வைத்துத் தட்டிச் சமப்படுத்த வேண்டும். சிலிக்கான் பசையை அள்ளி அப்பக் கூடாது. உள்ளே பிதுங்கும் பசை பிய்ந்துபோய் ஆயில் சல்லடையை அடைக்கும்.

சென்னையிலும் மற்ற ஊர்களிலும் ஹெரால்டை இன்னும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பின்னால் வந்த ஸ்டாண்டர்டு கெஸல் கார் வைத்திருப்பவர்களும் உண்டு. அவர்கள் எஞ்சினுக்கும் மேலே சொன்னது அப்படியே பொருந்தும். ஆகவே, அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள். கிளட்ச் மிதித்துப் பார்க்கும் சோதனையையும் அதில் சேர்த்தால் நல்லது. போடும்போது ஸ்பேனர் அளவை 13 மில்லிமீட்டர் என்று போட்டுவிடாதீர்கள். இந்தச் சேம்பர் போல்ட்டுக்கு அரை அங்குல ஸ்பேனர். 13 கிட்டத்தட்டப் பொருந்துவது போலத்தான் இருக்கும், இறுகிப்போன போல்ட்டில் வழுக்கித் தலையை உருட்டிவிடும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மெக்கானிக்,
ராயப்பேட்டை, சென்னை
(தற்போது பர்மிங்காம்)