1.2-க்கு எதிரே ‘நார்மல்’ என்று அச்சிடும் முன்

சுகாதாரத் துறைப் பொறுப்பாளர்களுக்கும் ஆய்வுக்கூட நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

நாள்பட்ட சிறுநீரக நோய் சத்தமில்லாமல் முற்றுவது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் சிறுநீரக வடிகட்டும் திறன்தான் இ.ஜி.எஃப்.ஆர். 25 வயது ஆணுக்கு அது ஏறத்தாழ 86. 65 வயதுப் பெண்ணுக்கோ ஏறத்தாழ 50. மூன்று மாதம் கழித்தும் 60-க்குக் கீழேயே இருந்தால் நோய் உறுதி. பல ரிப்போர்ட்டுகள் இருவருக்கும் ‘நார்மல்’ என்றே சொல்கின்றன. வயதும் பாலினமும் அதே தாளின் தலைப்பிலேயே இருக்கின்றன. கணக்கிடக் கூடுதல் ரத்தமும் வேண்டாம், புதுக் கருவியும் வேண்டாம்.

எங்கள் கோரிக்கை இதுதான்: கிரியாட்டினின் வரும் ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் இ.ஜி.எஃப்.ஆர். அச்சிடுங்கள். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ள எல்லோருக்கும் ஆண்டுக்கு ஒருமுறையாவது சிறுநீரில் அல்புமின் (கசியும் புரதம்)–கிரியாட்டினின் விகிதம் பாருங்கள். குச்சி நனைத்துப் பார்ப்பது போதாது; விகிதம் 30 முதல் 300 (மி.கி./கிராம்) வரையிலான தொடக்கக் கசிவு அதில் பெரும்பாலும் தப்பிவிடும்.

இந்த இ.ஜி.எஃப்.ஆர். எண் தெரியாமல் போனால் என்ன ஆகிறது? மூச்சுத்திணறலோடு, பொட்டாசியம் ஏறிய நிலையில் ஒருவர் அவசரப் பிரிவுக்கு வருகிறார். அன்றே டயாலிசிஸ். கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசிக்காக அறுவை செய்து இணைத்த ரத்தக்குழாய்) இல்லை. இன்று அறுவை செய்தாலும் ரத்தக்குழாய் தடித்து ஊசி தாங்க ஒன்றிரண்டு மாதமாவது ஆகும். அதுவரை கழுத்தில் குழாய். ஒவ்வொரு முறை அதைத் திறக்கும்போதும் கிருமி நேரே ரத்தத்துக்குள் நுழைய வழி. ஃபிஸ்டுலாவுக்கு ரத்தக்குழாய் தேடினால் முன்கை முழுதும் பழைய டிரிப் ஊசிகளால் அடைபட்டுக் கிடக்கிறது. இ.ஜி.எஃப்.ஆர். முன்பே கண்ணில் பட்டிருந்தால், முன்கையை விட்டுவிட்டுப் புறங்கையில் ஊசி போட்டிருப்பார்கள். மூட்டுவலிக்கு மாதக்கணக்கில், சிறுநீரகத்தைக் கெடுக்கும் வலி மாத்திரையும் எழுதியிருக்க மாட்டார்கள்.

உலக சிறுநீரக நாளான மார்ச் இரண்டாம் வியாழன் வந்தால் மட்டும் சிறுநீரகத்துக்கு நாடெங்கும் பதாகை, பேரணி, இலவசத் தொப்பி. தொப்பிக்கு நிதி கிடைக்கிறது. சிறுநீர்ப் பரிசோதனைக்குத்தான் கிடைப்பதில்லை. 2025 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை சிறுநீரக நலனுக்கெனத் தீர்மானமே நிறைவேற்றிவிட்டது. மருந்துக்கும் பஞ்சமில்லை. டபாக்ளிஃப்ளோசின் சர்க்கரை இல்லாதவர்களிலும் நோயின் வேகத்தைக் குறைப்பதை 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது; சர்க்கரை உள்ளவர்களுக்கு செமாக்ளூடைட் உதவுவதை 2024 ஆய்வு காட்டியது. யாருக்குக் கொடுப்பது என்று தெரிந்தால்தானே கொடுக்க முடியும்?

வார்த்தைகளில் சூடு கூடியிருந்தால் பொறுத்தருளுங்கள். கேட்பது மறுபடியும் அதேதான்: கிரியாட்டினினுக்குப் பக்கத்தில் இ.ஜி.எஃப்.ஆர்., ஆண்டுக்கு ஒரு சிறுநீர் அல்புமின் பரிசோதனை. முதலாவதற்கு ஆய்வுக்கூட மென்பொருளில் ஒரு வரி மாற்றினால் போதும். அதற்கான சுற்றறிக்கையை இந்த மாதமே அனுப்பும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
டயாலிசிஸ் பிரிவுகளில் பணிபுரிவோர்