பெயரில் மட்டுமே கோல்

ஆசிரியருக்கு,

விளையாட்டுப் பக்கத்தில் கோல் அடித்தவர் படம்தான் வருகிறது. ஆஷ்லி கோல் இங்கிலாந்துக்காக 107 ஆட்டங்கள் ஆடியவர். பெயரில்தான் கோல், நாட்டுக்காக ஒன்றுகூட அடிக்கவில்லை. ஆனாலும் அவர் காலத்தின் சிறந்த இடது ஃபுல்பேக் (இடது ஓரத் தடுப்பாளர்) அவரே என்பேன்.

லண்டன் அணியான ஆர்சனலில், களத்தில் அவருக்கு முன்னே இடது ஓரத்தில் ஆடிய ராபேர் பிரெஸ் வலதுகால்காரர். பந்தோடு உள்ளே வளைவார். எதிரணித் தடுப்பாளரும் கூடவே போவார். கோட்டோரம் காலியாகும் அந்தப் பாதையில்தான் கோல் ஓடுவார். நடுவில் பந்து பறிபோனால் அவர் முதுகுக்குப் பின்னால் முப்பது, நாற்பது மீட்டர் வெட்டவெளி. திரும்பி ஓடிவரும் வேகம் இல்லாதவர் இப்படி ஆடினால் அணி கவிழும். ஆனால் 2003-04இல் 38 லீக் ஆட்டங்களிலும் ஆர்சனல் தோற்கவில்லை.

தடுப்பதில் அவசரப்பட்டுக் காலை நீட்டமாட்டார். உடலைச் சாய்த்து நின்று, விங்கரை (ஓரமாகத் தாக்கவரும் எதிரணி வீரரை) கோட்டுப் பக்கமே தள்ளுவார். ஐரோப்பிய நாடுகளின் கோப்பையான யூரோ 2004 காலிறுதியில் போர்ச்சுகலின் இளம் கிறிஸ்டியானோ ரொனால்டோவை அப்படித்தான் அடக்கினார். அன்று இங்கிலாந்து பெனால்டியில் தோற்றது. கோல் தன் வாய்ப்பை வலைக்குள் போட்டிருந்தார்.

2006இல் அதே லண்டனின் போட்டி அணியான செல்சிக்கு மாறியதை ஆர்சனல் ரசிகர்கள் மன்னிக்கவில்லை. அது தனிக் கதை. எஃப்.ஏ. கோப்பையை இரு அணிகளுக்குமாக 7 முறை வென்றார்.

2012 மே மாதம் சாம்பியன்ஸ் லீக் இறுதியில் பெனால்டியை வலைக்குள் அடித்தவர், அடுத்த மாதமே யூரோவில் தன் பெனால்டியை இத்தாலியின் கோல்கீப்பர் புஃபோனிடம் கொடுத்துவிட்டார்.

— கால்பந்து வாசகர்