பிரேக் பழுதுக்கு ஓட்டுநரை மட்டும் தண்டிக்காமல், வண்டியைத் தயாரித்த நிறுவனத்தின் மீதும் நடவடிக்கை கோரி மூன்றாவது மனு

அனுப்புநர்: சரக்கு வண்டி உரிமையாளர், தாளவாடி வட்டம்.
பெறுநர்: உயர்திரு வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

ஆடியிலும் ஐப்பசியிலும் நேரில் கொடுத்த இரண்டு மனுக்களுக்கும் ரசீது மட்டுமே கிடைத்தது. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1. முட்டைக்கோஸ் மூட்டைகளுடன் பண்ணாரியை நோக்கி இறங்கும்போது பிரேக் மிதி அடிப்பலகை வரை போய்விட்டது. வண்டி வாங்கி எட்டே மாதம். சர்வீஸ் எல்லாம் கம்பெனி ஷெட்டில்தான். மலைப்பக்கமாகச் சாய்த்து நிறுத்தியதால் உயிர் தப்பினோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மகனின் வலது கால் முறிந்தது.

2. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவின்படி எனக்கு 5,000 ரூபாய் அபராதம். ஓட்டுபவருக்குத் தெரிந்த, அல்லது சாதாரணக் கவனத்தில் தெரியக்கூடிய குறைக்கே அந்தப் பிரிவு பொருந்தும். மிதியின் அழுத்தத்தைச் சக்கரங்களின் பிரேக்குக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருந்த ரப்பர் வாஷர் ஊறிய கடலையைப் போல உப்பியிருந்ததை, மெக்கானிக் கழற்றிக் காட்டிய பிறகுதான் நானே பார்த்தேன். எங்கள் ஸ்டாண்டில் அதே மாடல் வண்டிகள் இரண்டில் இதே கோளாறு வந்துள்ளது.

3. அதே சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 110ஏ பிரிவின்படி, குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெற மத்திய அரசு உத்தரவிடலாம். ஆனால் வாங்கியவர்களில் குறிப்பிட்ட விகிதத்தினரோ, ஒரு சோதனை நிறுவனமோ, வேறு யாராவதோ குறையை மத்திய அரசுக்குத் தெரிவித்திருக்க வேண்டுமாம். எத்தனை லட்சம் வண்டி விற்றிருந்தாலும் அபராதம் ஒரு கோடியைத் தாண்டாதாம். நிறுவனமே முன்வந்து அறிவித்துவிட்டால் அபராதமே இல்லையாம். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களின் சாவி சுவிட்ச் குறையால் 124 பேர் இறந்தனர். 2014-இல் விதிக்க முடிந்த உச்ச அபராதம் 3.5 கோடி டாலர்தான். அது போதாதென்று உணர்ந்து, மறு ஆண்டே சட்டம் இயற்றி வரம்பை 10.5 கோடியாக உயர்த்தினார்கள். இங்கே எட்டு மாத வண்டியின் ஓட்டுநரிடம் அன்றைக்கே பணம் கேட்கும் சட்டம், செய்து விற்றவரிடம் போக யாராவது புகார் அனுப்பும் வரை காத்திருப்பது எந்த நியாயம், ஐயா? எத்தனை கால் முறிந்தால் அந்தப் புகார் அங்கே போய்ச் சேரும்?

4. பையனுக்கு வயது பத்தொன்பது. பிளேட் வைத்த காலைத் திண்ணையில் நீட்டியபடி, "மாமா, நீங்க பிரேக்கை மிதிச்சீங்கதானுங்களே?" என்று என்னிடம் கேட்கிறான். மிதித்தேன், ஐயா. இரண்டு முறை மிதித்தேன்.

5. பிரேக் இன்ஸ்பெக்டர் அந்தச் சிலிண்டரைச் சோதித்து எழுத்தில் அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கையுடன் மூன்று வண்டிகளின் புகாரையும் மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்துக்குத் தாங்கள் பரிந்துரைத்து அனுப்ப வேண்டும். கழற்றிய சிலிண்டரைத் துணியில் கட்டிப் பத்திரமாக வைத்திருக்கிறேன்; கூப்பிட்டால் அன்றே கொண்டு வருகிறேன். ரசீது மட்டும் வேண்டாம், தயவுசெய்து சோதித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
(கையொப்பம்)