காசியில் ரூம் போடுகிறவர்கள் கேட்க வேண்டியது: ‘ஆட்டோ எதுவரைக்கும் வரும்?’

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் ஞாயிறு இணைப்பில் ஆயிரம் ரூபாய்க்குள் காசியில் தங்குவது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கொஞ்சம் கோபமும் வந்தது, அதனால்தான் எழுத உட்கார்ந்துவிட்டேன். தங்க முடியாது என்று சொல்லவில்லை. நானே தங்கினேன், 900 ரூபாய் ரூமில், ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளுக்குக் கடைசியில் 2,050 ரூபாய் ஆனது. எப்படி என்று சொல்கிறேன்.

ஜனவரியில் போனோம். நான், 74 வயது மாமியார், அவருடைய தங்கை, மூன்றே பேர். ரூமை நான்தான் ஆப்பில் போட்டேன். ‘கோயிலுக்கு 300 மீட்டர், பணம் ஓட்டலில் வந்து கொடுத்தால் போதும், கீசர் உண்டு’ என்று போட்டிருந்தது, வெள்ளை விரிப்பும் ரோஜாப்பூவுமாக நாலு படம். எங்கள் வண்டி சாயங்காலம் 6 மணிக்கு வாரணாசி ஜங்ஷனுக்கு வர வேண்டும். வந்தது விடியற்காலை 3.40-க்கு. ஜனவரியில் அந்தப் பக்கம் மூடுபனியில் ரயில் பத்து மணி நேரம் தாமதமாவது அங்கிருப்பவர்களுக்கு ஒரு செய்தியே இல்லை, நமக்குத்தான் தெரிவதில்லை.

ஆட்டோக்காரர் தசாஸ்வமேத் படித்துறைக்குப் போகிற சாலையில் ஒரு சந்து முனையில் நிறுத்தி, இதற்கு மேல் வண்டி போகாது, நடங்கள் என்றார். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய அகலம். கல் பாவிய தரை, பனியில் நனைந்து வழுக்கியது. நடுவில் ஒரு காளை படுத்திருந்தது, நகருகிற உத்தேசமே அதற்கு இல்லை. பெட்டி தூக்க ஒரு பையன் வந்தான், 200 ரூபாய். பாதி வழியில் பின்னாலிருந்து ‘ராம் நாம் சத்ய ஹை’ என்று சத்தம் கேட்டது. நாங்கள் மூன்று பேரும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்க, மூங்கில் பாடையில் ஜரிகைத் துணி போர்த்திய ஒரு உடம்பு எங்கள் தோளை உரசாத குறையாகக் கடந்து போனது. பிணம் எரிக்கிற மணிகர்ணிகைப் படித்துறைக்குப் போகிற வழி அது. மாமியார் கும்பிட்டுவிட்டு, “ஏங்கண்ணு, பழனி மலையே தேவலை போல” என்றார். மூன்று திருப்பம், ஒரு கிணறு, இரண்டு இடத்தில் ஏழெட்டுப் படி. அந்த 300 மீட்டர் என்பது காக்கை பறக்கிற கணக்கு என்று அப்போதுதான் புரிந்தது. மனுஷர் நடக்கிற கணக்கில் அது எண்ணூறைத் தொட்டிருக்கும்.

லாட்ஜில் எழுப்பிக் கேட்டால், உங்கள் புக்கிங் நேற்றைக்கு, நீங்கள் வரவில்லை, ராத்திரி 12-க்கு மேல் ரூமை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டோம் என்றார்கள். இன்றைய ரூம் பகல் 12 மணிக்குத்தான், இப்போதே வேண்டுமென்றால் அரை நாள் வாடகை தனி. லாட்ஜின் பெயர் வேண்டாம், அந்த ஊரில் பல இடத்தில் இதுதான் நடைமுறை. என் தப்பும் இருக்கிறது. வண்டி தாமதம் என்று தெரிந்ததும் ஆப்பில் அல்ல, லாட்ஜுக்கே போன் போட்டு, நாங்கள் வருகிறோம், ரூமை வைத்திருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். முன்பணம் கட்டாத புக்கிங் என்றால் இது இன்னும் முக்கியம், அவர்களுக்கு நஷ்டம் இல்லையே.

சரி, கணக்கைப் பாருங்கள். அரை நாளுக்கு 450, அன்றைய வாடகை 900, மூன்றாவது ஆளுக்கு மெத்தை 300, பெட்டி தூக்கிய கூலி போகும்போது 200, மறுநாள் காலி பண்ணி வரும்போது 200. ரூம் மூன்றாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. ஜன்னலைத் திறந்தால் கையெட்டும் தூரத்தில் பக்கத்து வீட்டுச் சுவர். கீசர் இருந்தது, உண்மைதான், ஆனால் காலை 6-லிருந்து 8 வரைக்கும்தான் சுவிட்சைப் போடுவார்களாம், அதுவும் கீழே இருந்து. தசாஸ்வமேத்தில் கங்கா ஆரத்தி பார்த்துவிட்டு அந்தக் கூட்டத்தில் திரும்பி வந்து, இருட்டில் மறுபடி அந்தச் சந்து, மறுபடி மூன்று மாடி. மாமியார் ஒரே வார்த்தைதான் சொன்னார், “நாளைக்கு வேற இடம் பார்த்துக்கலாங்கண்ணு.”

மறுநாள் சோனார்புரா சாலையில் ஒரு லாட்ஜுக்கு மாறினோம். மூன்று கட்டில், லிஃப்ட், வாசலிலேயே ஆட்டோ, 1,700 ரூபாய். அங்கிருந்து கோயில் பக்கத்துச் சந்திப்பான கொதௌலியாவுக்கு இ-ரிக்‌ஷாவில் தலைக்கு 20 ரூபாய். ஆப்பில் பார்த்தபோது விலை ஜாஸ்தி என்று நான் தள்ளிவிட்ட அதே லாட்ஜ்.

இதைத்தான் உங்கள் கட்டுரை ஓரிடத்தில்கூடச் சொல்லவில்லை. காசியில் ரூம் வாடகையை முடிவு பண்ணுவது கட்டிலும் டிவியும் இல்லை, வண்டி எங்கே நிற்கிறது என்பதுதான். விஸ்வநாதர் கோயிலைச் சுற்றி இருக்கும் பழைய ஊர் முழுக்கச் சந்துகள். 2021 டிசம்பரில் கோயில் வளாகத்தைக் கங்கைக் கரை வரைக்கும் விரித்துத் திறந்தார்கள், உள்ளே இப்போது நன்றாக விசாலமாக இருக்கிறது, ஆனால் அதற்கு வெளியே இருக்கிற சந்துகள் பழையபடிதான். பகலில் கூட்டம் சேர்ந்துவிட்டால் கொதௌலியா சந்திப்பிலேயே போலீஸ் தடுப்பு வைத்துக் காரை நிறுத்திவிடுவார்கள். ஆகவே வாடகை குறைவாக இருக்கிறதென்றால் ஏன் குறைவு என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் பதில் படிக்கட்டாகத்தான் இருக்கும்.

இளவட்டங்கள், முதுகுப் பையோடு போகிறவர்கள் என்றால் பெங்காலி டோலா சந்தில் தாராளமாகத் தங்கலாம், மலிவு, படித்துறை பக்கம், ராத்திரி பத்து மணிக்கும் டீ கிடைக்கும். கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால், பக்கத்தில் ரூம் இருந்தால் போனை அங்கேயே வைத்துவிட்டுப் போகலாம், லாக்கர் கடைக்காரர் நம் தலையில் கட்டுகிற பூ, பேடா செலவும் மிச்சம். அது அவர்களுக்கு. முழங்கால் வலிக்காரர் ஒருவர் கூட வந்தாலும் கதை வேறு. அவர்களுக்கு நான் சொல்வது கேதார் காட், ஹனுமான் காட் பக்கம் (காட் என்றால் படித்துறை), ஆனால் கரையோரச் சந்துக்குள் போகாமல் சோனார்புரா சாலையை ஒட்டி. ஒரு இ-ரிக்‌ஷாவில் கோயில். அந்தப் பக்கம் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஹனுமான் காட்டில்தான் பாரதியார் அத்தை வீட்டில் தங்கிப் படித்தார், கேதார் காட்டில் குமரகுருபரர் நிறுவிய குமாரசாமி மடம் இருக்கிறது. இட்லி கிடைக்குமா என்று கவலைப்படுகிறவர்களுக்கும் அந்த வட்டாரம் சரி. அஸி காட் அமைதியாக இருக்கும், ஆனால் கோயிலிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர், தினமும் இரண்டு தடவை தரிசனத்துக்குப் போக நினைக்கிறவர்களுக்கு அலைச்சல்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு வசதி இருக்கிறது, கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். சத்திரம். கொதௌலியா பக்கம் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து நடக்கிறது. விஸ்வநாதருக்குப் பூஜைப் பொருட்களை ‘சம்போ, சம்போ’ என்று சொல்லிக்கொண்டு இன்றைக்கும் அங்கிருந்துதான் எடுத்துப் போகிறார்கள், அதைப் பார்ப்பதற்கே ஒரு நடை போகலாம். அதே நகரத்தார் சிக்ரா பகுதியில் 140 அறைகளோடு பத்து மாடிச் சத்திரம் ஒன்றை 2025 அக்டோபர் கடைசியில் திறந்திருக்கிறார்கள். சத்திரம் என்றதும் நேரே போய் இறங்கிவிடக் கூடாது. யாருக்கு முன்னுரிமை, எத்தனை நாள் தங்கலாம், தனியாக வரும் ஆளுக்குக் கொடுப்பார்களா என்பதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி, கிளம்புவதற்கு முன்பே போனில் கேட்டுவிட வேண்டும். திதி கொடுக்கப் போகிறவர்கள் என்றால் காசி வாத்தியார்களில் பலர் தங்கலும் சாப்பாடும் சேர்த்தே ஏற்பாடு பண்ணுகிறார்கள். அதில் எது எதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லச் சொல்லி, ஒரு வாட்ஸ்அப் மெசேஜாகவாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாயால் பேசிய கணக்கு கங்கைக் கரையில் மாறும்.

எங்களைப் போல அர்த்த ராத்திரியில் போய் இறங்குகிறவர்களுக்கு ஸ்டேஷனிலேயே ரிட்டயரிங் ரூம் என்று ஒன்று இருக்கிறது. ஐஆர்சிடிசி தளத்தில் பிஎன்ஆர் எண்ணைப் போட்டு முன்கூட்டியே எடுக்கலாம், டிக்கெட் கன்ஃபர்மாகவோ ஆர்ஏசியாகவோ இருந்தால் போதும். விடியும் வரைக்கும் அங்கே படுத்துவிட்டு, குளித்து, பகல் 12-க்கு லாட்ஜுக்குப் போனால் அரை நாள் வாடகைச் சண்டை வராது. இது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகு என் தம்பி சொல்லித் தெரிந்தது, என்ன செய்ய. எந்த ஸ்டேஷனில் இறங்குகிறோம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மண்டுவாடிதான் 2021-ல் ‘பனாரஸ்’ ஆனது, வாரணாசி ஜங்ஷன் வேறு, ‘காசி’ என்றே தனியாக ஒரு ஸ்டேஷன் உண்டு, தீனதயாள் உபாத்யாய ஜங்ஷன் என்று டிக்கெட்டில் இருந்தால் அது பழைய மொகல்சராய், கங்கைக்கு அக்கரை. அங்கிருந்து ஊருக்குள் வர ஆட்டோக்காரர் கேட்பதில் ஒரு ராத்திரி ரூமே போட்டுவிடலாம்.

எப்போது போகிறீர்கள் என்பதும் வாடகையில் ஏறும். மகா சிவராத்திரி, கார்த்திகைப் பௌர்ணமியில் வரும் தேவ தீபாவளி, இந்த நாட்களில் எந்த ரூமும் அதன் சாதாரண விலையில் கிடைக்காது, அந்த வாரத்தைத் தாண்டிப் போனாலே பாதிச் செலவு குறையும். வடக்கே சிராவண மாதம், அதாவது ஜூலை, ஆகஸ்ட் திங்கட்கிழமைகளில் கங்கை நீர் சுமந்து வருகிற காவடிக் கூட்டம். ஆகஸ்ட், செப்டம்பரில் கங்கை ஏறிவிட்டால் படித்துறையெல்லாம் தண்ணீருக்குள் போய்விடும், படகும் ஓடாது, ஆரத்தியையே மாடியில் நடத்துவார்கள். அப்போது ‘கங்கையைப் பார்த்த ரூம்’ என்று 500 ரூபாய் கூடக் கொடுத்தால் சேற்றுத் தண்ணீரைத்தான் பார்க்கலாம். மே, ஜூனில் ஏசி இல்லாத ரூம் எடுக்கவே வேண்டாம். ஜனவரியில் ஏசி தேவையில்லை, வெந்நீரும் ரஜாய் என்கிற கனமான பஞ்சுப் போர்வையும்தான் தேவை, பத்து டிகிரிக்குக் கீழே இறங்குகிற ஊர் அது.

பால்கனி உள்ள ரூம் என்றால் கம்பி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். குரங்கு. என் சின்ன மாமியாரின் ஒரு புடவை இப்போது காசியில்தான் இருக்கிறது.

ஆதார் ஒரிஜினல் கேட்பார்கள், காட்டலாம், ஆனால் நகல் கொடுப்பதென்றால் முதல் எட்டு எண் மறைத்த மாஸ்க்டு ஆதாரை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. வாடகையில் வரி சேர்ந்திருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். 2025 செப்டம்பர் 22-லிருந்து 7,500 ரூபாய் வரைக்குமான ரூமுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், முன்பு 12-ஆக இருந்தது. பழைய நினைப்பில் யாராவது 12 போட்டால் பில் கேளுங்கள்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படிக் கட்டுரை போடும்போது சூரிய உதயப் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கி, எழுதியவர் தங்கிய இடத்துக்கு ஆட்டோ போனதா, எத்தனை படி ஏறினார், வெந்நீர் எத்தனை மணிக்கு வந்தது என்று நாலு வரி கேட்டு வாங்கிப் போடுங்கள். எழுதுகிறவருக்கு முப்பது வயது என்றால் அதையும் போட்டுவிடுங்கள், நாங்கள் எங்கள் முழங்காலுக்குத் தகுந்தபடி கணக்குப் பண்ணிக்கொள்வோம்.

தோழிகள் நாலு பேர் மறுபடி போகிறோம். தேவ தீபாவளி முடிந்து ஒரு வாரம் கழித்து. ஆப்பில் மூன்று இடம் பார்த்து வைத்து, மூன்றுக்கும் நேரடியாகப் போன் போட்டேன், என் ஓட்டை இந்தியில்தான். ஆட்டோ எதுவரைக்கும் வரும் என்று கேட்டதற்கு இரண்டு பேர் ‘பக்கத்திலேயே, பக்கத்திலேயே’ என்றார்கள். மூன்றாவது ஆள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “மாதாஜி, தெருமுனை வரைக்கும்தான் வரும், அங்கிருந்து அறுபது அடி நடக்கணும், வாசலில் ஆறு படி இருக்கு” என்றார். அங்கேதான் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கரூர்.