அக்காவின் நோட்டில் ஏழாவது பெயர்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் ஏதாவது ஒரு வேலை வந்துவிடுகிறது. இப்போது இரவு பத்து மணி, எல்லோரும் தூங்கியாகிவிட்டது, இன்றைக்கு எழுதி முடித்துவிட்டுத்தான் படுப்பது. பேரன் நடக்க ஆரம்பித்ததைப் படித்ததும் அவ்வளவு சந்தோஷம். உன் முட்டி வலிக்கு ஒழுங்காக டாக்டரைப் பார், தள்ளிப்போடாதே.

சரி, அக்கா விஷயத்துக்கு வருகிறேன். ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து அக்காவுக்குப் பாராட்டு விழா நடத்தப் போகிறார்கள். மறுத்துவிடுவார் என்று நினைத்துத்தான் நானும் கூடப் போனேன். தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. "நல்லா நடத்துங்கப்பா, ஆனா எங்கிட்ட மொதமொதல்ல படிச்ச பத்துப் பேரும் மேடையில உக்காரணும்" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் ஒரு தொண்டருக்குப் பத்துப் பேர் என்றுதானே அப்போது கணக்கு? அந்தப் பத்துப் பேருக்கு எழுதிய வருகை நோட்டை இன்னும் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார். 1991இல் நீ எழுதிய பட்டியல், உன் சாய்ந்த கையெழுத்து. அதைப் பார்த்ததும் எனக்குத் தெருவிளக்குக்குக் கீழே சாக்கு விரித்து உட்கார்ந்த ராத்திரிகள் எல்லாம் ஞாபகம் வந்தன. களையெடுத்துவிட்டு, கல் உடைத்துவிட்டு வந்து, பென்சிலைக் கடப்பாரை மாதிரி பிடிப்பார்கள். தன் பெயரை எழுதிப் பார்த்த அன்று ஒருத்தர் சிலேட்டைக் கழுவவிடாமல் வீட்டுக்கே கொண்டுபோனாரே! அப்புறம் சைக்கிள். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அறிவொளியோடு சைக்கிளையும் சேர்த்துவிட்டதில் மாவட்டமே மாறிப்போனது. கேலி பேசாத திண்ணை உண்டா அப்போது? லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பார் வைத்த சைக்கிளையே எடுத்தோம், பிள்ளையை முன்னால் உட்கார வைக்க அதுதான் வசதி என்று பிறகு அதையே கேட்டு வாங்கினார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்களுக்கு மேல் புதுக்கோட்டையில் ஓட்டிக் காட்டினோம். ஆகஸ்ட் 11ஆம் தேதி புதுக்கோட்டையை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவித்தார்கள். நாமெல்லாம் அன்றோடு வேலை முடிந்தது என்று நினைத்தோம். நீ கல்யாணமாகிப் போனாய், நான் வேலைக்குப் போனேன்.

அக்கா மட்டும் நினைக்கவில்லை. கற்ற எழுத்தைப் பழகாவிட்டால் இரண்டே வருஷத்தில் மறந்துபோகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வளர்கல்வி மையம் இருந்தவரை அங்கே போனார், அதுவும் நின்ற பிறகு தன் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுவைத்தார். யார் என்ன தாளைக் கொண்டுவந்தாலும் தானே படித்துச் சொல்லமாட்டார், தானே எழுதியும் தரமாட்டார். "உக்காரு, நீயே படி, தப்பா படிச்சா நான் இருக்கேன்ல." ரேஷன் பில், கரண்டு அட்டை, பேங்க் பாரம், பேத்தியின் பள்ளிக்கூட நோட்டீஸ் எல்லாவற்றுக்கும் இதே பேச்சுத்தான். எனக்கே பல தடவை எரிச்சல் வந்திருக்கிறது, நாமே எழுதிக் கொடுத்தால் ஐந்து நிமிஷ வேலை, அதற்கு ஒரு மணி நேரம் ஆக்குகிறாரே என்று. இப்போது புரிகிறது. நூறு நாள் வேலை அட்டையில் நாள் குறைத்துப் பதிந்திருந்ததை ஒரு தடவை கண்டுபிடித்தது அக்கா இல்லை, அந்த அட்டைக்காரப் பெண்களே. கிராம சபையில் எழுந்து நின்று எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினார்கள், கணக்கு சரியாயிற்று. அக்கா பின்வரிசையில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

2018 நவம்பர் கஜா புயலில் நம் பக்கம் எப்படி ஆனது என்று உனக்குத் தெரியும். தென்னையெல்லாம் வேரோடு சாய்ந்து, வாரக்கணக்கில் கரண்டு இல்லாமல் கிடந்தோம். அப்போதும் அக்கா வீட்டு ஓடு பறந்துபோயிருக்க, அவர் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். யாருக்கு என்ன சேதம் என்பதை அவரவர் கையாலேயே எழுத வைத்தார். யாருடைய பெயரும் விட்டுப்போகவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் இப்படி ஒரே ஊரில், ஒரே ஸ்டூலில் ஒரு மனுஷி உட்கார்ந்திருந்ததை நாம் வேலையாகவே எண்ணவில்லையே என்று எனக்கு மனசு உறுத்துகிறது. பிள்ளைகளுக்கு வீட்டுப்பக்கமே பாடம் சொல்லும் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது அக்காவின் எட்டாம் வகுப்புப் படிப்பு தன்னார்வலர் ஆகப் போதவில்லை. அதனால் என்ன, திண்ணையைக் கொடுத்தார். அந்தத் திண்ணையில் பாடம் நடத்திய பெண் யார் தெரியுமா, நோட்டில் மூன்றாவதாக இருப்பவரின் பேத்தி!

பத்துப் பேரைத் தேடி நானும் அக்காவும் போன ஞாயிற்றுக்கிழமை முழுக்க அலைந்தோம். நான்கு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இரண்டு பேர் பிள்ளைகளோடு திருப்பூரில், ஒருவர் திருச்சியில், மூன்று பேரும் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். ஊரில் இரண்டு பேர். அதில் மூத்தவருக்கு எண்பதை நெருங்குகிறது, கண் புரை. அக்காவைப் பார்த்ததும் மடியிலிருந்து மருந்துச் சீட்டை எடுத்துக் கண்ணோடு ஒட்டிவைத்து, "படிக்கிறேன் இரு" என்று ஆரம்பித்துவிட்டார். அக்கா சத்தமே போடாமல் அழுததை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன்.

பாக்கி ஒருவர், ஏழாவது பெயர். புயலில் பெட்டி நனைந்ததில் அந்த வரி மட்டும் மை கரைந்துவிட்டது. முதல் எழுத்து 'செ' என்று மட்டும் தெரிகிறது. செல்லம்மாவா, செல்வியா, செண்பகமா? குவாரி வேலைக்கு வந்த குடும்பம், ஆறு மாதத்தில் கிளம்பிப் போய்விட்டது, இடது கன்னத்தில் மச்சம், கைக்குழந்தையோடு வருவார் என்று அக்காவுக்கு முகம் ஞாபகம் இருக்கிறது. பெயர் வரவில்லை, அதுவே அவரைப் போட்டு வாட்டுகிறது. அந்த வரியை எழுதியது நீதான். ஞாபகம் இருந்தால் பெயரோடு அவர்களுடைய சொந்த ஊரையும் எழுது, இந்தக் கடிதம் கிடைத்த அன்றே போன் பண்ணினாலும் சரி. விழாவுக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது, அவருக்கும் ஒரு நாற்காலியைப் போட்டுத்தான் வைக்கச் சொல்லியிருக்கிறார் அக்கா.

அன்புடன்,
உன் தோழி