துடுப்பைக் கொடுக்கும் முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெங்களூரில் ஏரி என்றால் உங்கள் பத்திரிகையில் எனக்குத் தெரிந்து இரண்டே செய்திதான். ஒன்று நுரை, இன்னொன்று ஆக்கிரமிப்பு. குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைத்தானே எழுத முடியும். 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் மீன்கள் செத்து மிதந்தபோது ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்த வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. அடுத்த வருடம் பிப்ரவரியில் பெல்லந்தூர் ஏரி பற்றி எரிந்ததை டிவியில் பார்த்துவிட்டு, "தண்ணி எரியுமாம்மா?" என்று என் பெரியவள் கேட்டாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. நான் என்ன பதில் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை, உருப்படியாக ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆனால் இந்தக் கடிதம் வேறு விஷயத்துக்காக. கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகு ஓட்டப் போகும் குடும்பங்களுக்கும், அவர்களுக்குக் கயாக் வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அது எனக்கு எப்படித் தெரிய வந்தது என்பதிலிருந்து ஆரம்பித்தால்தான் சரியாக வரும்.

எங்கள் வீட்டில் இந்தப் பைத்தியத்தை ஆரம்பித்தது என் கணவர். மதுரைக்காரர், நீச்சல் தெரியாது. கேட்டால், வைகையில் தண்ணி வந்திருந்தால் கத்துக்கொண்டிருக்க மாட்டேனா என்பார். எங்கள் பக்கம் கதை வேறு. அம்மா பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில், அப்பாவுக்கு சுரங்க வேலை, 2001இல் சுரங்கத்தை மூடிய பிறகு பெங்களூருக்கு வந்தோம். தங்கவயலுக்குக் குடிதண்ணீர் கொடுத்தது பாலாற்றின் மேல் இருக்கிற பேத்தமங்கலம் ஏரி. அந்த ஏரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அம்மா நிறுத்த மாட்டாள். அதனால் ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்ப் பக்கம் போகலாம் என்று இவர் சொன்னபோது முதலில் தயாரானது அம்மாதான். புளிசாதம், அப்பளம், ஒரு மடக்கு நாற்காலி. படகில் மட்டும் ஏற மாட்டாள். கரையில் உட்கார்ந்து எங்களை எண்ணிக்கொண்டே இருப்பாள், நாலு தலையும் தெரிகிறதா என்று.

நாங்கள் அதிகம் போவது மஞ்சனபெலே. அர்க்காவதி ஆற்றின் மேல் அணை, நகரத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர், பக்கத்தில் சாவன்துர்கா மலை. அங்கே நீந்த இறங்கி உயிரை விட்டவர்கள் பலர், எச்சரிக்கைப் பலகை இருக்கிறது, இருந்தும் இறங்குகிறார்கள். அதைப் பற்றி நீங்களே எழுதியிருப்பீர்கள். நாங்கள் ஒரு தனியார் சாகச முகாம் மூலமாக லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான் போகிறோம்.

கயாக் என்பது பெடல் படகு மாதிரி இல்லை. தண்ணீரோடு தண்ணீராக உட்கார்ந்திருப்போம், கையை நீட்டினால் நனையும், கண் நீர்மட்டத்துக்கு ஒரு முழம் மேலேதான் இருக்கும். மோட்டார் கிடையாது. துடுப்பை மடியில் வைத்துவிட்டால் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் அப்படிச் சும்மா மிதந்தால் போதும், பறவைகள் நம்மை மறந்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கும். கரையிலிருந்து வெறும் புள்ளியாகத் தெரிந்ததெல்லாம் அப்போதுதான் உருவம் பெறும். கருப்பு வெள்ளை மீன்கொத்தி தலைக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, கீழே பார்த்து, மனசை மாற்றிக்கொண்டு பத்தடி தள்ளிப் போய் மறுபடி நின்று, கல் மாதிரி விழும். நீர்க்காகம் பட்ட மரத்தின் மேல் இறக்கையை விரித்துக் காயப்போட்டிருக்கும். அதன் இறகு வாத்தின் இறகு மாதிரி இல்லை, தண்ணீர் ஊறிவிடும், ஆழமாக முங்குவதற்கு அது உதவி, மேலே வந்த பிறகு உட்கார்ந்து காயவைத்துத்தான் ஆக வேண்டும். ஒரு ஜனவரி காலையில் விராலடிப்பான் ஒன்றைப் பார்த்தோம். வலசை வரும் பறவை, குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும். இரண்டு காலையும் முன்னால் நீட்டிக்கொண்டு தண்ணீரில் விழுந்து மீனோடு எழுந்தது. அந்த மீனின் தலை முன்பக்கமாக இருக்கும்படி பிடித்துக்கொண்டுதான் பறக்கும், காற்று இழுக்காமல் இருக்க. சின்னவள் அதைப் பார்த்துவிட்டு, "மீன் ஃபிளைட்ல போகுது" என்றாள்.

தண்ணீர்ப் பாம்பையும் பார்த்திருக்கிறோம். கட்டம் போட்ட மாதிரி உடம்பு, விஷம் இல்லாதது. அன்று என் கணவர் துடுப்புப் போட்ட வேகம் ஒலிம்பிக் வேகம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஆகஸ்டு மாதம், மழை பெய்து ஓரத்துப் புல்வெளியெல்லாம் மூழ்கியிருந்தது. இவரும் சின்னவளும் ஒரு கயாக், நானும் பெரியவளும் இன்னொன்று. பெரியவளுக்கு இப்போது பதின்மூன்று, பள்ளியில் சுற்றுச்சூழல் மன்றம், போகிற இடமெல்லாம் குப்பை பொறுக்குவாள். அன்றைக்கும் ஒரு சாக்குப்பை கொண்டுவந்து தண்ணீரில் மிதந்த சிப்ஸ் பாக்கெட், பாட்டில், ஒற்றைச் செருப்பு என்று சேர்த்துக்கொண்டே வந்தாள். எனக்கும் பெருமைதான், மறைப்பானேன். ஓரத்தில் புல்லுக்கு நடுவே அழுகிய பாசியும் தண்டுமாக ஒரு குவியல் மிதந்தது. அதையும் எடுத்துவிடலாம் என்று துடுப்பை அதன் அடியில் கொடுத்தாள்.

தூரத்தில் பரிசலில் வலை எடுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் போட்டாரே ஒரு சத்தம். "முட்டபேடம்மா! மொட்டே இதெ!"

என் கணவருக்குப் பத்து வருடமாகியும் கன்னடம் பாதிதான். முட்டாதே என்கிறார், எதிலோ மோதப் போகிறோம் என்று நினைத்துத் தன் படகைச் சுற்றித் திருப்பினார், சின்னவள் கிட்டத்தட்ட விழப் பார்த்தாள். எனக்குப் புரிந்தது. தொடாதே, முட்டை இருக்கிறது என்கிறார். பெரியவள் துடுப்பை அப்படியே நிறுத்தினாள். அந்த அழுகல் குவியல் முக்குளிப்பான் என்கிற சின்ன நீர்ப்பறவையின் கூடு. மேலே ஒரு முட்டையும் தெரியவில்லை, ஏனென்றால் ஆள் வருவதைப் பார்த்ததும் தாய்ப்பறவை பாசியை இழுத்து முட்டையை மூடிவிட்டு நீருக்குள் முங்கிவிடும், பார்க்கிறவனுக்கு வெறும் குப்பை. குப்பை மாதிரி இருப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு. என் மகளுக்கு முன்னால் அந்தப் பாதுகாப்பே ஆபத்தாகிவிட்டது.

அவர் பரிசலைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை, பெரியவளிடம் பாட்டிலை எடு, இலையை விடு என்று மட்டும் சொன்னார். அப்புறம் எங்களை முப்பது நாற்பது அடி பின்னால் வரச் சொல்லி, சும்மா இருக்கச் சொன்னார். ஐந்து நிமிடம் இருக்கும், தண்ணீருக்குள்ளிருந்து ஒரு சின்னத் தலை எழும்பியது, சுற்றிப் பார்த்தது, மறுபடி முங்கி, கூட்டுக்குப் பக்கத்தில் எழுந்து, மேலே ஏறி அலகால் பாசியை விலக்கியது. முட்டை வெள்ளையாக இல்லை, பழுப்பாக இருந்தது. பாசிக் கறை ஏறினால் அப்படி ஆகிவிடுமாம். என் மகள் ஒரு போட்டோகூட எடுக்கவில்லை.

அன்று அவர் அரைமணி நேரத்தில் சொல்லிக்கொடுத்ததை அந்த முகாம் ஆறு தடவை பணம் வாங்கியும் சொல்லவில்லை. பறவையைப் பார்த்து நேராக வராதே, நேராக வருவது எதிரி. வேறெங்கோ போகிறவன் மாதிரி சாய்வாகப் போ, பறவை தலையைத் தூக்கினால் நின்றுவிடு, நின்றும் அது நகர்ந்தால் நீ ஏற்கனவே ரொம்பக் கிட்டே வந்துவிட்டாய். தெர்மோகோல் துண்டோ காலி பாட்டிலோ வரிசையாக மிதந்தால் அது குப்பை இல்லை, அதன் கீழே வலை இருக்கிறது, மேலே ஓட்டினால் அறுந்துபோகும், அது அவர்களுடைய அன்றைய கூலி. (என் மகள் சாக்கில் போட்டிருந்த பாட்டில்களை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டாள், நல்லவேளை.) காற்று இருந்தால் போகும்போது காற்றை எதிர்த்துப் போ, வரும்போது களைத்திருப்பாய், காற்றே தள்ளிக்கொண்டு வந்து விடும்.

முகாமில் எங்களுக்குச் சொன்னது என்ன தெரியுமா? அந்தப் பட்ட மரம்தான் செல்ஃபி பாயின்ட், அதுவரைக்கும் போய்விட்டு வாங்க. எந்த மரம்? நீர்க்காகங்கள் உட்காரும் மரம். ஒவ்வொரு ஞாயிறும் பத்துப் பதினைந்து கயாக் அதை நோக்கி நேராகப் போகும், மொத்தக் கூட்டமும் எழும்பும், எல்லோரும் ஆஹா என்று வீடியோ எடுப்பார்கள். நாங்களும் எடுத்திருக்கிறோம். இறக்கை காய்வதற்குள் இப்படி மூன்று தடவை எழுப்பினால் அதுங்களுக்கு எப்படி இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை. கரையில் ஸ்பீக்கர் வேறு. லைஃப் ஜாக்கெட்டும் அப்படித்தான், எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு குவியலைக் காட்டுவார்கள். சின்னவளுக்கு முதல் தடவை கொடுத்தது பெரியவர்கள் அளவு. மாட்டிவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள், அது காது வரைக்கும் ஏறினால் தண்ணீரில் பிள்ளை கீழே போய்விடும், ஜாக்கெட் மட்டும் மிதக்கும். இதை நான் வேறு இடத்தில் கற்றுக்கொண்டேன், இப்போது அங்கே வரும் மற்ற பிள்ளைகளையும் இழுத்துப் பார்க்கிறேன், என் கணவர் வெட்கப்படுகிறார்.

மூன்று வாரம் கழித்து மறுபடி போனோம். தூரத்திலிருந்தே பைனாகுலரில் பார்த்தோம். கூட்டைக் காணவில்லை. முக்குளிப்பான் குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு போகும் என்று பெரியவள் படித்துவைத்திருந்தாள், ஒன்றும் கண்ணில் படவில்லை. பரிசல்காரரைக் கேட்டால், பொரிந்தும் போயிருக்கலாம், காக்கை தின்றும் இருக்கலாம் என்றார். அவ்வளவுதான்.

இதையெல்லாம் சொன்னால் என் தம்பி, அப்படியானால் ஏரியில் படகையே தடை செய்துவிடலாமே என்கிறான். எனக்கு அதில் சம்மதமில்லை. மோட்டார் படகு, தண்ணீர் ஸ்கூட்டர் இவற்றைப் பறவைகள் இருக்கும் ஏரியில் விடவே கூடாது, அதில் இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் துடுப்புப் படகு அப்படியா? ரங்கனதிட்டு 1940லிருந்து சரணாலயம், 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது, அங்கேயே துடுப்புப் படகில் அழைத்துப் போய்த்தானே காட்டுகிறார்கள். பாறையில் முதலை வெயில் காய்கிறது, மேலே மரத்தில் நாரைகள், படகோட்டி எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்துகிறார், கெஞ்சினாலும் கிட்டே போவதில்லை. படகு குற்றமில்லை, ஓட்டுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மத்தூர் பக்கம் கொக்கரெபெள்ளூரில் கூழைக்கடாவும் நாரையும் ஊருக்குள்ளேயே புளியமரத்தில் கூடு கட்டுகின்றன, கீழே ஆடு மாடு மனிதர்கள் எல்லாம் நடமாடுகிறார்கள். அந்த ஊர்க்காரர்களை யாரும் விரட்டவில்லை, பறவைகளுக்குப் பக்கத்தில் எப்படி இருப்பது என்று அவர்களுக்குத் தெரியும், அவ்வளவே.

அதோடு, தண்ணீரில் இறங்கிய பிள்ளைதான் தண்ணீரைப் பற்றிக் கேட்கும். ஜக்கூர் ஏரிக்கு எத்தனையோ தடவை நடைப்பயிற்சிக்குப் போயிருக்கிறோம், அப்போதெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டு நடந்த பெரியவள், இப்போது சுத்திகரித்த கழிவுநீர் எங்கே உள்ளே வருகிறது, ஏன் அதை முதலில் கோரைப்புல் வழியாக விடுகிறார்கள் என்று கேட்கிறாள். அல்சூர் ஏரி எங்கள் தெருவிலிருந்து ஐந்து நிமிடம். அதில் எப்போது கயாக் விடுவார்கள் என்றும் கேட்கிறாள். அதற்கு நான் யாரைக் கேட்பது?

நான் கேட்பது பெரிய சட்டம் ஒன்றும் இல்லை. துடுப்பைக் கையில் கொடுக்கும் முன் ஐந்து நிமிடம் பேசுங்கள். கூடு கட்டும் மாதங்களில் புல் மூழ்கிய ஓரங்களுக்கு ஒரு கயிறு கட்டி, இதற்குள் வராதே என்று சொல்லுங்கள். ஸ்பீக்கரை அணையுங்கள். அந்தப் பரிசல்காரர் மாதிரி ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூலி கொடுத்துப் பிள்ளைகளோடு பேச விடுங்கள். முகாமுக்கு அது ஒரு கயாக்கின் ஒரு நாள் வாடகைகூட வராது.

உங்களிடமும் ஒன்று. பார்க்க வேண்டிய பத்து இடங்கள் என்று வார இறுதிப் பக்கம் போடுகிறீர்களே, அதில் அந்த இடத்தில் அந்த மாதம் என்ன பறவை இருக்கும், அதற்குத் தமிழில் என்ன பெயர், எது கூடு கட்டும் நேரம் என்று நாலு வரி சேர்த்துப் போட முடியுமா? முடிந்தால் இந்தக் கடிதத்தையும் சனிக்கிழமையே போட்டுவிடுங்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்கெல்லாம் எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு